நஷ்டஈட்டுத் தேங்காய்

என் தம்பியின் வலது தோளில் பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டு என்னவென்று கேட்டால், "அண்டா விழுந்துச்சு" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த அண்டாவுக்காக நான் நஷ்டஈடு கேட்டுப் போட்ட சண்டையைக் கண்டி டவுனில் பாதிப் பேர் கண்ணால் பார்த்தார்கள், மீதிப் பேர் காதால் கேட்டார்கள். என் குரல் அப்படிப்பட்டது.

குரலுக்குக் காரணம் என் தொழில். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷனில், டெலிபோன் பேசுகிற கடையில், அப்போது வேலை செய்தேன். கையில் போன் வராத காலம். வெளிநாட்டில் இருக்கும் புருஷனோடு, மகளோடு பேச வேண்டுமென்றால் சனங்கள் எங்கள் கடைக்குத்தான் வரவேண்டும். லைன் கிடைத்தாலும் பாதிப் பேச்சு கடலில் விழுந்துவிடும். நாள் முழுக்க "ஹலோ, சவூதியா? கேக்குதா?" என்று கத்திக் கத்தி என் தொண்டை அந்த உயரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் அம்மாவிடம் உப்பு கேட்டால் அடுத்த வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுப்பாள்.

எங்கள் கடைக்கு நேர் எதிரே, ஒரு தையல் கடையின் முன்பக்கத்தில், மேசை ஒன்றும் கதிரை இரண்டும் போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். எல்லாரும் அவரை ட்ரிப்காரர் என்றுதான் சொல்வார்கள். சொந்தமாக ஒரு பழைய பஸ் வைத்திருந்தார். கதிர்காமம், முன்னேஸ்வரம், நுவரெலியா என்று மாதத்துக்கு ஒரு ட்ரிப் போடுவார். நாட்டில் சண்டை. வடக்கே போகிற பாதை பூட்டு. திறந்திருக்கும் பாதையிலும் சந்திக்குச் சந்தி சோதனை. நியாயமாகப் பார்த்தால் ஒருத்தரும் வீட்டை விட்டு அசையக் கூடாது. ஆனால் எங்கள் சனத்துக்கு ட்ரிப் என்றால் பைத்தியம். குண்டு வெடித்த செய்தி ரேடியோவில் போய்க்கொண்டிருக்கும், இந்தப் பக்கம் ஒருவர் வந்து ஜன்னல் ஓரத்து சீட் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

ட்ரிப்காரர் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, தேனாகப் பேசுவார். பயம் மட்டும் கொஞ்சம் அதிகம். பொலிஸ் ஜீப் எங்கள் தெருவில் திரும்பினால் மனிதர் உடனே குனிந்து மேசைக்குக் கீழே விழுந்த பேனாவைத் தேடுவார். ஜீப் போன பிறகுதான் பேனா கிடைக்கும். நான் இந்தப் பக்கம் இருந்து பார்த்துப் பார்த்துச் சிரிப்பேன். ஆனால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கலவரத்தில் அப்பாவின் கடையை எரித்தார்கள். அந்தக் கவலையிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். அதிலிருந்து அம்மா வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பையைக் கட்டி வைத்திருந்தாள். பிறப்புச் சான்றிதழ்கள், இரண்டு சேலை, ஒரு டோர்ச் லைட். அம்மா அசையவே மாட்டாள். ட்ரிப் என்ன, சந்தைக்குக்கூடப் போக மாட்டாள். அவளுக்கு ஒரே சட்டம்தான்.

"பொலிஸ்காரன் கண்ணுல நல்லதுக்கும் படக் கூடாது, கெட்டதுக்கும் படக் கூடாது."

சித்திரை மாதம் நுவரெலியாவில் பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று சீசன் களைகட்டும். தம்பி ஒற்றைக் காலில் நின்றான். இரும்புக் கடையில் சாமான் தூக்குகிற வேலை அவனுக்கு. லீவு கிடைப்பதே அபூர்வம். சரி என்று இரண்டு பேரும் பணம் கட்டினோம்.

ட்ரிப் என்றால் சோற்றைப் பார்சல் கட்டிக்கொண்டு போவது எங்களுக்குப் பழக்கமில்லை. போகிற இடத்தில் கல் வைத்து அடுப்பு மூட்டி, அண்டாவில் சோறு பொங்கிச் சாப்பிட்டால்தான் அது ட்ரிப். அண்டாவைப் பஸ்ஸின் கூரையில் கட்டுவதுதான் முறை. ஆனால் கூரையில் இருக்கும் சாமானைச் சோதனைச் சாவடியில் ஒன்று விடாமல் இறக்கிக் காட்ட வேண்டும். மூடிய பாத்திரத்தைக் கண்டால் சிப்பாய்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆகவே ட்ரிப்காரர் ஒரு தந்திரம் செய்தார். அண்டாவைப் பஸ்ஸுக்குள்ளேயே, தலைக்கு மேலே பை வைக்கிற தட்டில் ஏற்றி, துணி காயப்போடும் கயிற்றால் ஒரு கட்டுக் கட்டிவிட்டார்.

"அண்ணே, இது விழாதா?" என்று கேட்டேன்.

"என்னா தங்கச்சி பேச்சு இது! சாமி படத்துக்கு நேரா வச்சிருக்கேன். விழுமா?"

சீட்டுக்கு மேலே ஆள் சேர்த்திருந்தார். நடைபாதையில் பலகைகளைக் குறுக்கே போட்டு இன்னும் ஒரு வரிசை. கலஹாவிலிருந்து வந்த ஒரு வயதானவருக்குத் தன் சீட்டைக் கொடுத்துவிட்டு, தம்பி பலகைக்கு மாறினான். அண்டாவுக்கு நேர் கீழே.

கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, பஸ் வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை. உள்ளே பைலா பாட்டும் கைதட்டும். சீட் முதுகில் தாளம் போட்டுத் தம்பிதான் பாட்டை நடத்தினான். ஒரு கொண்டை ஊசி வளைவில் டங் என்று பெரிய சத்தம் கேட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அதுவும் தாளம் என்றுதான் நினைத்தேன். நான் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினேன். திரும்பிப் பார்த்தால் அண்டா நடைபாதையில் உருள்கிறது, தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு மடங்கிக் கிடக்கிறான், சட்டை எல்லாம் இரத்தம்.

பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸைத் திருப்பினார்கள். போகிற வழியிலேயே பஸ்ஸுக்குள் ஒரு மாநாடு நடந்தது. பஸ் விபத்து என்று சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து பொலிஸுக்குத் தகவல் போகும். பொலிஸ் வரும். பஸ்ஸை நிறுத்தி வைக்கும். அத்தனை பேரையும் இறக்கி அடையாள அட்டை பார்க்கும். அட்டை இல்லாத பிள்ளைகள் நாலைந்து பேர் உள்ளே இருந்தார்கள். ட்ரிப்காரர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்:

"வீட்டுப் படியில வழுக்கி விழுந்துட்டாருன்னு சொல்லிருவோம். எதுக்கு வீண் வம்பு?"

எங்கள் சனம் அதற்கு மறுபேச்சுப் பேசவில்லை. பொலிஸ் இல்லாமல் போவதென்றால் எந்தப் படியில் வேண்டுமானாலும் விழுவோம். தம்பியே பல்லைக் கடித்துக்கொண்டு டாக்டரிடம் சொன்னான்: "படியில வழுக்கிட்டேன் சேர்." டாக்டர் தோளைப் பார்த்தார், அப்புறம் ஜன்னல் வழியாக மாலை போட்ட பஸ்ஸைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுதிவிட்டார். காறை எலும்பு முறிவு, தோளில் தையல்.

மருந்து கட்டும் இடத்திலிருந்து ஒரு ஊழியர் வெளியே வந்து, "யார் இந்தக் கூட்டத்துக்குப் பொறுப்பு?" என்று கேட்டார். ட்ரிப்காரர் டிரைவரின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "நா சும்மா வந்த ஆளுங்க" என்றார்.

அடப்பாவி மனுசா! அந்த வார்த்தைதான் எனக்குப் பொறுக்கவில்லை. கையில் இருந்த பை அவர் தலைக்குப் போயிருக்கும், தம்பி முனகியதால் தப்பித்தார். அதோடு விட்டார்களா? அண்டாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், அதே அண்டாவில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். நானும் தம்பியும் சாதாரண லைன் பஸ்ஸில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஐயோ சொல்லிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினோம்.

தம்பியின் கையைத் தொட்டில் மாதிரி துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சாமான் தூக்குகிறவனுக்குத் தோள் போனால் வேலை என்ன ஆகும்? இரும்புக் கடை முதலாளி நல்ல மனிதர்தான், சுகமானதும் வா என்றார். அதுவரை என் ஒரு சம்பளத்தில் மூன்று வயிறு. நான் நேரே எதிர்க் கடைக்குப் போய்க் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, நஷ்டஈடு வேணும்."

"ஐயோ தங்கச்சி, பெருசா வர வேண்டியது சின்னதா போச்சுன்னு நெனச்சுக்குங்க. அண்டா காலியா இருந்துச்சு, சாமி புண்ணியம். சோத்தோட விழுந்திருந்தா என்னா ஆவுறது?"

"சோத்தோட விழுந்திருந்தா எங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடாவது மிஞ்சியிருக்கும்."

"அடுத்த மாசம் கதிர்காமம் போறோம். தம்பிக்கு ஃப்ரீயா ஒரு சீட்டு தாறேன். முருகன் பாத்துக்குவான்."

"சீட்டா, பலகையா?"

தையல் கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். ட்ரிப்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த தடவை நான் போனபோது பேச்சு மாறியிருந்தது.

"தம்பி படியில விழுந்தாருன்னு ஆஸ்பத்திரித் துண்டுலயே எழுதியிருக்கே? என் பஸ்ஸுல ஏது படி?"

"படி இல்லாம நாங்க எல்லாம் ஜன்னல் வழியாவா ஏறினோம்?"

"நான் என்னாத்தக் கண்டேன். உங்க தம்பி என் பஸ்ஸுல வந்தாருன்னே எனக்கு ஞாபகம் இல்லை."

எனக்குக் கண் மண் தெரியவில்லை. ரோட்டில் இறங்கி நின்று, சவூதிக்குப் பேசுகிற குரலில் சொன்னேன்: "வேணாம் அண்ணே. நஷ்டஈடும் வேணாம், ஒண்ணும் வேணாம். நா காளி கோயில்ல தேங்கா அடிக்கிறேன். அவ கேக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் அது சாதாரணப் பேச்சு அல்ல. ஏமாற்றப்பட்டவர் மனம் நொந்து காளி சந்நிதியில் தேங்காயை ஓங்கி அடித்தால், ஏமாற்றியவர் குடும்பம் விளங்காது என்பார்கள். தமிழர் மட்டுமா, சிங்களவரும் வந்து அடிப்பார்கள். கோர்ட்டுக்குப் பயப்படாதவர்கள்கூடத் தேங்காய்க்குப் பயப்படுவார்கள்.

உண்மையில் அடிப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அந்த மனிதருக்கும் பெண் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் விடவும் மனமில்லை. ஆகவே நல்ல முடியுள்ள தேங்காய் ஒன்று வாங்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எங்கள் கடைக் கவுண்டரில் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண் மூன்றும் அவர் மேசையைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தேன். போன் பேச வருகிறவர்கள் எல்லாம் என்ன இது என்று கேட்டார்கள். நானும் ஆதியோடு அந்தமாகச் சொன்னேன்.

எங்கள் கொமியூனிகேஷன் முதலாளி ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், ரெயில்வேயில் இருந்து பென்ஷன் எடுத்தவர். அவருக்கு இந்தத் தேங்காய் பிடிக்கவே இல்லை.

"பிள்ளை, உந்தத் தேங்காயை எடுத்து உள்ளை வை. சனம் பயப்பிடுது."

"பயப்பட வேண்டியவரு பயந்தாப் போதும் முதலாளி."

"அவன் உன்ரை தேங்காயைப் பாத்துப் பாத்து அரைவாசி ஆளாப் போனான். ஒரு கிடாரம் விழுந்ததுக்கு இவ்வளவு தண்டனையே?"

உண்மைதான். ட்ரிப்காரர் மேசையை வேறு பக்கம் தள்ளிப் போட்டார். நான் தேங்காயையும் திருப்பினேன். தையல்காரரிடம் சொல்லிக் கடைக் கதவைப் பாதி சாத்தி வைத்தார். ஒரு நாள் எலும்புக்கு நல்லது என்று ஒரு போத்தல் எண்ணெய் வந்தது. இன்னொரு நாள் பப்பாளி. அப்புறம் ஒரு கோழி, உயிரோடு. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், கோழியை அம்மா முட்டைக்கு வளர்த்தாள். ஆனால் தேங்காய் அதே இடத்தில்தான் இருந்தது. எனக்கு வேண்டியது கோழி இல்லை. "என் பஸ்ஸில் நடந்தது, என் பிழை" என்று அந்த வாய் ஒரு தடவை சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாளும் காத்திருக்கத் தயாராக இருந்தேன்.

அந்தச் சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

தம்பிக்குக் கட்டு அவிழ்த்துக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். எங்கேயோ ஏதோ நடந்து, டவுனில் சுற்றிவளைப்பு. காலையிலேயே எங்கள் தெருவை அடைத்து இளம் பிள்ளைகளை லொறியில் ஏற்றிப் பொலிஸுக்குக் கொண்டுபோனார்கள். தம்பியும் போனான். இது புதிதல்ல. அடையாள அட்டையையும் வேலை செய்யும் இடத்துக் கடிதத்தையும் காட்டினால் மத்தியானத்துக்குள் விட்டுவிடுவார்கள். நானும் கடிதத்தோடு போய் வாசலில் நின்றேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தம்பி வரவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்டர் சத்தம் போடாத மனிதர். சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: "உன் தம்பிக்குத் தோளில் என்ன காயம்?"

"அண்டா விழுந்தது சேர். ட்ரிப் போன பஸ்ஸில்."

"அவனும் அப்படித்தான் சொல்கிறான். ஆனால் இதில் வேறு கதை இருக்கிறதே?"

மேசை மேல் ஆஸ்பத்திரித் துண்டு கிடந்தது. தம்பி நல்ல பிள்ளையாக அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்து, காயத்துக்கு அத்தாட்சி என்று தானே எடுத்துக் கொடுத்திருக்கிறான். படியில் விழுந்தான் என்று அதில் இருந்தது.

"வலது தோள்," என்றார் இன்ஸ்பெக்டர். "துவக்குக் கட்டையை அணைத்துச் சுடுகிற இடம். இரண்டு விதமான கதை. பின்னேரத்துக்குள் சரியான விளக்கம் இல்லாவிட்டால் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரும்."

கொழும்புக்கு அனுப்பிய பிள்ளைகளின் தாய்மார் எங்கள் கடைக்குத்தான் வந்து லோயருக்குப் போன் பேசுவார்கள். போன் பேசிவிட்டு அந்தச் சின்ன போன் கூண்டுக்குள்ளேயே நின்று அழுவார்கள். சில பேர் வருடக் கணக்காக வந்துகொண்டிருந்தார்கள். நான் அம்மாவையும் அந்தக் கூண்டுக்குள் பார்த்துவிட்டேன், ஒரு கணம்.

நான் சொன்னால் செல்லாது, நான் அக்கா. ட்ரிப்புக்கு வந்த மற்றவர்கள் கலஹா, மடுல்கெல்ல என்று தோட்டம் தோட்டமாகச் சிதறிக் கிடந்தார்கள், அன்றைக்குப் பஸ்ஸும் ஓடவில்லை. முதலாளி தலையைப் பிடித்துக்கொண்டு, "நான் வந்தால் யாழ்ப்பாணத்தான் வந்து கதைக்கிறான் எண்டு இன்னும் பழுதாப் போகும் பிள்ளை. எதிர்க் கடையிலை போய்க் கேள். கத்தாதை" என்றார்.

கத்த எனக்குக் குரலே இல்லை. ட்ரிப்காரர் தையல் கடைக் கதவை முழுதாகச் சாத்திக்கொண்டு உள்ளே இருட்டில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகத்தில் சந்தனம்தான் தெரிந்தது.

"நா போனா என்னையும் உள்ள வச்சிருவாங்க தங்கச்சி. பலகை போட்டேன், ஆள் ஏத்தினேன், பொய் சொல்லச் சொன்னேன். பஸ்ஸும் போயிரும்."

"தெரியும் அண்ணே."

"எனக்குப் புள்ளைங்க இருக்கு."

"தெரியும். தேங்காயத் தூக்கி எறிஞ்சிர்றேன். அந்தப் பயத்துல நீங்க வர வேணாம். வரணும்னு நெனச்சா மட்டும் வாங்க."

நான் திரும்பிப் பொலிஸுக்கே போய் வாசல் மரத்தடியில் நின்றேன். கூப்பிடாத சாமி இல்லை. வெயில் இறங்க ஆரம்பித்தது.

அப்போது ரோட்டில் ஒரே கூச்சல். காவல் போட்டிருந்த சிப்பாய்கள் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தார்கள். "பிம தியனவா! பிம தியனவா!" கீழே வை, கீழே வை என்று கத்தினார்கள். எட்டிப் பார்த்தேன். சுற்றிவளைப்பு நடந்த நாளில், வெறிச்சென்று கிடந்த ரோட்டின் நடுவில், தலையில் ஒரு பெரிய அண்டாவைச் சுமந்துகொண்டு ட்ரிப்காரர் நடந்து வருகிறார்!

அண்டாவை இறக்கச் சொன்னார்கள். இறக்கினார். தள்ளிப் போகச் சொன்னார்கள். போனார். மூடியைத் திறக்கச் சொல்லித் திரும்பக் கூப்பிட்டார்கள். மூடியே இல்லை என்றார். கவிழ்த்துக் காட்டச் சொன்னார்கள். கவிழ்த்தார். கையை உயர்த்தச் சொன்னார்கள், அண்டா உருண்டு வடிகாலுக்குப் போகப் பார்த்தது, இவர் ஒரு கையை உயர்த்திக்கொண்டு மறு கையால் அதைப் பிடித்தார். அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சோதனைக்குப் பயந்துதானே மனிதர் அண்டாவைத் தட்டில் ஏற்றினார்!

இன்ஸ்பெக்டரின் அறையில் அண்டாவை வைத்தார்கள். மேசையை விடக் கொஞ்சம்தான் சின்னது. "யாருடையது இது?" என்று அவர் கேட்டார்.

ட்ரிப்காரரின் வெள்ளைச் சட்டை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. இந்த முறை பின்னால் போய் ஒளிந்துகொள்ள டிரைவரின் முதுகு இல்லை.

"மகே, சேர்," என்றார். என்னுடையது. "அண்டாவும் என்னுடையது, பஸ்ஸும் என்னுடையது. கட்டினதும் நான்தான். பொய் சொல்லச் சொன்னதும் நான்தான்."

பலகை போட்டது, ஆள் ஏற்றியது, கயிறு அறுந்தது, படிக் கதை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அண்டாவின் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்ததைத் தடவிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் தம்பியைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்கார வைத்து, இரண்டு கான்ஸ்டபிள்களை அண்டாவைத் தூக்கி அவன் தோளுக்கு மேல் பிடிக்கச் சொன்னார். தழும்பும் விளிம்பும் அச்சாகப் பொருந்தின. ஒரு கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. தம்பி மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கெட்டியாப் புடிங்க, கெட்டியாப் புடிங்க" என்றான்.

இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார். தம்பியைப் போகச் சொன்னார். ஆனால் ட்ரிப்காரரை உடனே போகச் சொல்லவில்லை. சொன்னதை எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வழக்கு வரும் என்றார், அதுவரை பஸ் ஓடக் கூடாது என்றார். ட்ரிப்காரர் சரி சேர், சரி சேர் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஆள் என் முன்னால் பிழையை ஒத்துக்கொண்டிருக்கிறார். நஷ்டஈடு கேட்கிறதென்றால் இப்போதே சொல்லு. நான் எழுதுகிறேன்."

சித்திரையிலிருந்து நான் தொண்டை கிழியக் கேட்ட விஷயம். பேனா கையில் தயாராக இருக்கிறது. ட்ரிப்காரர் என்னைப் பார்க்காமல் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தம்பியைப் பார்த்தேன். சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டுக்கொண்டு நின்றான்.

"துன்னா, சேர்," என்றேன். கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் நான் மெதுவாகப் பேசியது அன்றைக்கு ஒரு தடவைதான். இன்ஸ்பெக்டருக்குக் கேட்காமல், இரண்டாம் தடவை சொல்ல வேண்டி வந்தது.

மறுநாள் அந்தத் தேங்காயைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோம். தம்பிக்குக் கை அவ்வளவு உயராது. "நீங்களே ஒடைங்க அண்ணே" என்று ட்ரிப்காரரிடம் கொடுத்தேன். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார். உடைந்ததைப் பார்த்தால் உள்ளே தண்ணீரே இல்லை, கொப்பரையாகக் காய்ந்து கிடந்தது.

"அட கடவுளே! இந்தக் கொப்பரைக்கா நான் தூக்கமில்லாம கெடந்தேன்?" என்றார். அங்கேயே நின்று மூன்று பேரும் அதைக் கடித்துத் தின்றோம். நல்ல இனிப்பு.

பஸ் பல மாதம் நின்றது. எதிர்க் கடையில் மேசை காலியாகக் கிடப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போன் பேச வருகிறவர்களிடம் எல்லாம் அவருடைய அடுத்த ட்ரிப்புக்கு நானே ஆள் சேர்த்தேன். "ஹலோ கட்டாரா? ஒரு நிமிசம். அக்கா, நுவரெலியா வாறீங்களா?" இந்த மாதிரி. தம்பிக்குச் சாமான் தூக்கும் வேலை போய், பில் போடும் வேலை கிடைத்தது. அவனைக் கேட்டால் அண்டா தந்த பதவி உயர்வு என்பான்.

வழக்கு முடிந்து பஸ் மறுபடி ஓடிய முதல் நாள் நாங்கள் மூன்று பேரும் போனோம். ஆமாம், அம்மாவும் வந்தாள். கதவுக்குப் பின்னால் இருந்த பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள், ஆனால் வந்தாள். நடைபாதையில் ஒரு பலகைகூட இல்லை. அண்டா கூரையில் இருந்தது.

கம்பளைக்கு முன்னால் பஸ்ஸை மறித்தார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். கூரையில் இருந்து அண்டாவை இறக்கி ரோட்டில் வைத்துவிட்டு, ஒரு சின்னச் சிப்பாய் அதைக் காலால் தட்டிப் பார்த்து, யாருடையது என்று கேட்டான். வழக்கம் போல எல்லோரும் நிலத்தைப் பார்த்தோம்.

"மகே!" என்றார் ட்ரிப்காரர்.

அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அம்மா பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சவூதிக்குக் கத்துகிற கத்தலுக்குக் குறையாத கத்தல் அது.